நடுங்கும் கையோடு போகலாம்

மதிப்பிற்குரிய அம்மா,

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். வயது 41. பதினாறு வருடமாகக் குடிக்கிறேன். கடந்த மூன்று வருடமாகக் காலையிலேயே வேண்டியிருக்கிறது. உள்ளே போகாவிட்டால் அறுந்த நூலை முடிச்சுப் போட முடியாத அளவுக்குக் கை நடுங்குகிறது. குடியிலிருந்து மீள உதவும் 14446 என்ற எண்ணை நான்கு மாதங்களுக்கு முன்பே போனில் பதிந்துவைத்தேன். இன்னும் கூப்பிடவில்லை. முதலில் தீபாவளி போனஸ் வரட்டும் என்றிருந்தேன். இப்போது மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும் என்கிறேன். உண்மை என்னவென்றால் மனம் இன்னும் உறுதிப்படவில்லை. அரைமனதோடு போய்ப் பாதியில் திரும்பினால் வீட்டில் மிச்சமிருக்கும் மரியாதையும் போய்விடும். மாதக்கணக்கில் பூட்டிவைப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். மனைவி, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்தை வாங்கப் பார்க்கிறாள். அதற்கு முன், வரும் ஞாயிறு முதல் நானே வீட்டில் ஒரேயடியாக நிறுத்திப் பார்க்கட்டுமா? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்ய வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு. காலையில் கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் மருத்துவரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது.

என் கொழுந்தனார் 1998ஆம் ஆண்டு கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போட்டார். இருபது ஆண்டுக் குடியை அன்றைய காலைக் குளியலோடு விட்டார். வீடே மகிழ்ந்தது. மாலைக்குள் நடுக்கமும் வியர்வையும் வந்தன. மறுநாள் இரவு பூஜை அறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தார். மூன்றாம் நாள், சுவரெங்கும் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. விரதத்தில் ஏதோ குறை, சாமி குற்றம் என்றார்கள் பெரியவர்கள். நானும் நம்பித் திருநீறு பூசினேன். அரை நாள் அப்படியே போயிற்று. பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பதறுகிறது.

அது சாமி குற்றமில்லை. மது மூளையை அமர்த்திவைக்கிறது. தினமும் அமர்த்தப்படும் மூளை, ஈடுகட்டுவதற்காகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் தடையில்லாமல் நிற்கிறது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு நாட்களுக்குள் வலிப்பு, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சித்தப்பிரமை. எல்லாருக்கும் இது எல்லாம் வருவதில்லை. ஆனால் வந்துவிட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் இதற்கு மாத்திரையும் ஊசியும் உண்டு. முதல் சில நாட்கள் அளவோடு கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். பி1 வைட்டமினும் ஏற்றுவார்கள். தொடர்ந்து குடிப்பவர்களின் உடலில் அது வற்றிப்போயிருக்கும், அதனால் மூளையே பாதிக்கப்படும். ஆகவே மருத்துவரைப் பார்க்கும்வரை திடீரென்று நிறுத்தாதீர்கள். குடியால் ஓர் உயிர் தடுமாறியதைப் பார்த்த நான் இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று வலிக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். இப்போது குடிக்கும் அளவுக்கு மேல் கூட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மனைவியிடம் இன்றே பேசுங்கள். சாப்பாட்டில் கலக்கும் அந்தச் சரக்கில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, விற்பவர் சொல்லவும் மாட்டார். டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்டு. அது உடலில் இருக்கும்போது மது சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். குடிப்பவர் தெரிந்து சம்மதித்தால் மட்டுமே மருத்துவர்கள் அதைத் தருவார்கள். தெரியாமல் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம். அவர் அன்பினால்தான் தேடுகிறார். அதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் "உறுதி" பற்றி. வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்ற தீர்மானத்தை நெஞ்சில் ஏந்திக்கொண்டுதான் மருத்துவமனை வாசலை மிதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதிலிருந்து பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு. அதில் சேர ஒரே நிபந்தனை குடியை நிறுத்தும் விருப்பம். விருப்பம் போதும். கட்டணமில்லை, முழுப்பெயரும் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கூடுகிறார்கள். நான்கு மாதமாக அந்த எண்ணை அழிக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கு வேறென்ன பெயர்?

உங்களுக்கு ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஈரோடு. திங்கட்கிழமை காலை அங்கே அரசுத் தலைமை மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் தினமும் எவ்வளவு, காலையில் எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். ஒரு குவார்ட்டரை மறைத்தால் மருந்தின் அளவு தவறும். முன்பு வலிப்பு, மஞ்சள்காமாலை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அன்று காலை குடித்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது என்றால் அப்படியே போய், நேரத்தைச் சொல்லுங்கள். மனைவியோ நண்பரோ உடன் வரட்டும். முதலாளியிடம் உடம்பு சரியில்லை என்றால் போதும், அது பொய்யுமில்லை. போவதற்கு முன் வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் 108.

பூட்டிவைப்பது பற்றிய பயம் நியாயமானது. கட்டிவைத்து அடிக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சிகிச்சை என்ற பெயரே பொருந்தாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தானாக வந்து சேர்ந்தவர் கேட்டால் விடுவிக்க வேண்டும். ஆபத்து என்று கருதினால் மருத்துவர் பரிசோதனைக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால் பதிவுச் சான்று, மனநல மருத்துவர் வரும் நாள், குடும்பம் பார்க்க வரலாமா என்ற மூன்றையும் கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள். இதை நன்றாகச் செய்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கணவரைக் குடியில் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. உங்கள் மனைவிக்கும் ஆறுதலும் ஆலோசனையும் தேவை. தயங்காமல் கேளுங்கள்.

பாதியில் திரும்பினால் என்ன ஆவது என்கிறீர்கள். கொழுந்தனார் அன்று சேர்த்த மருத்துவமனையிலிருந்து தேறி வந்து ஐந்தாவது மாதம் மறுபடியும் குடித்தார். இரண்டாம் முறை தானாகவே போய்ச் சேர்ந்தார். அரைமனதோடுதான், துணிப்பையில் லுங்கிக்கு அடியில் ஒரு குவார்ட்டர் இருந்தது. நர்ஸ் அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் படுக்கையைக் காட்டினார். அதன்பின் சாகும்வரை பதினேழு ஆண்டுகள் அவர் தொடவில்லை. எல்லாருக்கும் இரண்டாம் முறையே அமைந்துவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மகளின் தேர்வைச் சொல்கிறீர்கள். அவள் படிக்கும் மேசைக்கும் நீங்கள் காலையில் பாட்டிலைத் திறக்கும் இடத்துக்கும் எத்தனை அடி தூரம்?

இன்றிரவு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், "காலையில் கை நடுங்குகிறது" என்று ஆரம்பியுங்கள். திங்கள் இரவு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். போக முடியாமல் போனாலும் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமையும் ஓ.பி. உண்டு.