மஞ்சளுக்கு எத்தனை நொடி வேண்டும்?

கேள்வி: தினமும் பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூருக்கு பைக்கில் போகிறேன். வழியில் ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்பினால் பக்கவாட்டில் பஸ் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் மயிரிழையில் தப்பினேன். ஒழுங்காகப் போகிறவனுக்கே இந்த நிலை என்றால் தப்பு யார்மேல்?
- வாசகர், விருதம்பட்டு

பதில்: டிரைவரைத் திட்டுவதற்கு முன் அந்த சிக்னலை ஓரமாக நின்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஒரு பக்கம் சிவப்பு விழுந்த அதே நொடியில் மறுபக்கம் பச்சை விழுகிறதா? அப்படியானால் தப்பில் பெரும்பங்கு நேரக் கணக்கில்தான். மஞ்சள் எரியும்போது நிறுத்தக் கோட்டை நெருங்கிவிட்ட பஸ் சடாரென்று நிற்க முடியாது, உள்ளே போகத்தான் செய்யும். சந்திப்பு 25 மீட்டர், பஸ் 11 மீட்டர் என்று வைத்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் அதன் பின்பக்கம் வெளியே வர நாலு நொடிக்கு மேல் ஆகும். அதற்காகத்தான் எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சிவப்பு எரிகிற இடைவெளி ஒன்றிரண்டு நொடியாவது வைக்கவேண்டும் என்பது.

நாலு நொடிக்கு ஒன்றிரண்டு எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். பச்சையைப் பார்த்து, கியர் போட்டு, கிளம்பி, மோதுகிற இடத்துக்கு வந்து சேர மறுபக்கத்து வண்டிக்கும் சில நொடி ஆகும், மீதியை அது ஈடுகட்டிவிடும். இந்த ஈட்டைத்தான் எண் ஓடுகிற டைமர் தின்றுவிடுகிறது. 5 வந்ததும் ஆக்சிலேட்டர் முறுக்குகிறார்கள், 3-இல் முன்சக்கரம் ஜீப்ரா கோட்டைத் தாண்டிவிடுகிறது, 1 விழும்போது பாதி பேர் நடுரோட்டில். டைமர் வசதிதான், பொறுமையாக நிற்கவும் உதவுகிறது, ஆனால் சிவப்பின் கடைசி நொடிகளை அது பச்சையாக்கிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

மஞ்சளுக்கு வருவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் பார்த்து, முடிவெடுத்து, பதறாமல் நிறுத்த 3 நொடிக்குச் சற்று மேல் வேண்டும், 70-இல் வந்தால் 4 நொடிக்கு மேல். ஊருக்குள் சரியாக இருக்கிற 3 நொடியை பெங்களூரு நெடுஞ்சாலை வண்டிகள் இறங்கி வருகிற சந்திப்பிலும் அப்படியே வைத்தால், ஒருவர் பிரேக்கை மிதிப்பார், பின்னால் வருகிறவர் முறுக்குவார், இரண்டு பேரும் ஒன்றாக விழுவார்கள். அதற்காக மஞ்சளை இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது, அதையும் பச்சைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

எனக்கு இதைவிட வருத்தம் நடந்து போகிறவர்களைப் பற்றி. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எக்ஸ்ரே கவரை ஒரு கையிலும் அம்மாவின் தோளை மறுகையிலும் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கணக்குப் போடுவார்கள். 15 மீட்டர் ரோட்டுக்கு அது பன்னிரண்டரை நொடி. வயதானவர் 0.9 மீட்டர்தான் நடப்பார், அவருக்குப் பதினேழு நொடி வேண்டும். ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் எந்த நடையை வைத்துக் கணக்குப் போடவேண்டும் என்பதில் சந்தேகமே இருக்கக்கூடாது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: செல்போனில் நாலு பக்கமும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். மஞ்சள் எத்தனை நொடி, எல்லாச் சிவப்பும் சேர்ந்து எரிகிறதா என்று குறித்து, போக்குவரத்து போலீசிடமும் கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். ரோட்டைத் தோண்டவேண்டிய வேலை இல்லை இது, கன்ட்ரோலரில் எண்ணை மாற்றினால் போதும்.

கேள்வி: இரவில் மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிகிறதே, நிற்கவேண்டுமா?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: நிற்கவேண்டியதில்லை, ஆனால் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போகவேண்டும், அங்கே யாருக்கும் பச்சை இல்லை. வலப்பக்கமாக வருகிறவருக்கு வழிவிடுங்கள். லைட் அடித்துக் காட்டியாயிற்று, அவர் நிற்பார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், அவரும் அதே நினைப்பில்தான் அடித்திருப்பார்.