சும்மா இருக்கும்போதே 75 டிகிரியா?

கேள்வி: ரைசன் 5 5600 புராசசர் வாங்கி நானே பொருத்தினேன். கூலர் தனியாக வாங்கியது. சும்மா இருக்கும்போதே 75 டிகிரி. வீடியோ எடிட்டிங்கில் 90-ஐத் தொட்டு வேகம் குறைகிறது. புராசசர் பழுதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பழுதாக இருக்காது, பயப்படாதீர்கள். 90 டிகிரி அந்த மாடலின் உச்ச எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைக்கிறது. சூடு கூலருக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் பிரச்சினை.

என் அக்கா மகன் கம்ப்யூட்டரிலும் இதே கதை. கழற்றிப் பார்த்தால், கூலரின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் ஃபிலிமை எடுக்கவே இல்லை. அதன் மேலேயே, சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் பூசியிருந்தான்! முதலில் அதைப் பாருங்கள்.

கழற்றும்போதுதான் கவனம் தேவை. பத்து நிமிடம் ஓடவிட்டால் பேஸ்ட் இளகும். அப்புறம் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும். இந்த வகையில் பின்கள் புராசசரின் அடியில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வேதனைதான்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புராசசரின் நடுவில் பட்டாணி அளவு புதிது வையுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். உங்கள் ஊர் வெயிலில் சும்மா இருக்கையில் 50 காட்டினால் சரி.