மழுங்கிய சிற்பங்கள் – கடிதம்

வணக்கம். அடுத்த மாதம் வேலையாக மிலான் போகிறேன். ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். பாவியா நகரின் சான் மிக்கேலே தேவாலயத்துக்குப் போக ஆசை. ஆனால் படங்களில் முகப்புச் சிற்பங்கள் கரைந்துபோனதுபோல் இருக்கின்றன. நேரில் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

சுதா

அன்புள்ள சுதா,

நிறையவே மிஞ்சியிருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பாவியாவின் பழைய தேவாலயங்கள் பெரும்பாலும் செங்கல். சான் மிக்கேலே மட்டும் மணற்பாறை. உளிக்கு எளிதில் இணங்கும் கல், ஆனால் மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போன நீர் குளிரில் உறையும். உலரும்போது உப்பு படியும். இரண்டும் மேற்பரப்பைத் தோல் உரிப்பதுபோல் உரித்துவிடுகின்றன. முகப்பில் வரிவரியாக ஓடும் டிராகன்களும் மீன்களும் அப்படித்தான் மழுங்கின.

அதனால் முதலில் உள்ளே போங்கள். மழை படாத தூண் தலைப்புகளில் (தூணின் உச்சியில் உள்ள செதுக்கிய கல்) அதே கல், அதே விலங்குகள், நகமும் பிடரியும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. பைபிள் கதையில் வரும் தானியேல் சிங்கக் கெபியில் இருக்கும் தூண் தலைப்பைத் தேடிப் பாருங்கள். பிறகு பலிபீடத்தின் முன் தரையில் உள்ள மொசைக், அதாவது சிறு கல்துண்டுகளைப் பதித்து உருவாக்கிய படம்: அரியணையில் ஆண்டு என்னும் அரசன், இருபுறமும் மாதங்கள். அதன் கீழே ஒரு புதிர்வட்டப் பாதை இருந்தது; மேல்விளிம்பு தவிர மற்றது அழிந்துவிட்டது. 1155இல் ஜெர்மானிய மன்னர் பிரெடரிக் பார்பரோசா இத்தாலியின் அரசராக முடிசூடியது இந்தத் தேவாலயத்தில்தான்.

கண் பழகியபின் வெளியே வந்தால் முகப்பைப் படிக்க முடியும். அது மேற்கு பார்த்தது. காலையில் நிழலில் தட்டையாகத் தெரியும். அந்த நேரத்தில் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிற்பகல் வெயில் சாய்வாக விழும்போது மழுங்கிய உருவங்களுக்கும் நிழல் கிடைக்கும். மேல்வரிகளுக்கு ஒரு சிறிய பைனாகுலர் உதவும். கல்லைத் தயவுசெய்து தொடாதீர்கள், விரல் பட்டாலே மணல் உதிரும்.

மிலானிலிருந்து பாவியா தெற்கே சுமார் 35 கி.மீ.; ரயிலில் ஏறக்குறைய அரை மணி. நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. இத்தாலியில் பல தேவாலயங்களை மதியம் பூட்டிவிடுவார்கள், திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க முடியாது. தோள் மூடிய உடை வேண்டும்.

காலைப் பொழுதை சான் பியெத்ரோ இன் சியெல் தோரோ என்ற இன்னொரு தேவாலயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புனித அகுஸ்தீனாரின் கல்லறை அங்கே இருக்கிறது. மதியம் திச்சீனோ ஆற்றின் கூரைப் பாலம்வரை நடந்து வாருங்கள். பழைய பாலம் 1944 குண்டுவீச்சில் சிதைந்தது; இப்போதிருப்பது போருக்குப் பின் கட்டியது. அங்கிருந்து சான் மிக்கேலே பத்து நிமிடம்தான்.