மாதவிலக்கு நின்றபின் எலும்புக்கு என்ன ஆகிறது? வாசகியர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கே: எனக்கு வயது 50. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடமாகிறது. தெருவில் நடந்த முகாமில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பு பலவீனம் என்று கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி பாக்கெட்டும் எழுதிக் கொடுத்தார்கள். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். முட்டி வலி குறையவே இல்லையே, ஏன்?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

ப: இந்த வயதில் முட்டி வலி பெரும்பாலும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. அதற்குக் கால்சியம் மருந்தல்ல. எலும்பு மெலிவோ, எலும்பு உடையும்வரை வலியே காட்டாது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். அது சரிந்ததும் கரைவது கூடி, புதிதாகக் கட்டுவது ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. கடைசி மாதவிலக்குக்கு ஒரு வருடம் முன்பிருந்து அடுத்த இரண்டு, மூன்று வருடங்கள் முதுகெலும்பின் அடர்த்தி ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் குறையலாம். நீங்கள் இப்போது இருப்பது அந்தக் கட்டத்தில்தான்.

குதிகால் சோதனையை மட்டும் நம்பி மருந்து தொடங்க வேண்டாம். இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனை) தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதில் டி-ஸ்கோர், அதாவது இளவயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு நோய்.

மாத்திரையில் நடக்கும் தவறுகளைச் சொல்லியாக வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் போட்டால் தைராய்டு மருந்து உடலில் சரியாக ஏறாது. நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். அட்டையில் '1250 மி.கி. கால்சியம் கார்பனேட்' என்றிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைப் பொதுவாக வாரம் ஒன்று என்றுதான் எழுதுவோம். தினமும் ஒன்று எனக் கலக்கிக் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்புவரை போகும்.

உங்களுக்கு ஒரு நாள் தேவை 1200 மி.கி. அரை லிட்டர் பால், தயிரில் சுமார் 600. 75 கிராம் ராகி மாவில் கிண்டிய களியில் 250க்கு மேல். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் நூற்றுக்கு மேல். மிச்சத்துக்கு எள்ளுப்பொடி இருக்கிறது. உணவில் எவ்வளவு குறைகிறதோ அதற்கு மட்டும் மாத்திரை போதும்.

கே: வயது 43. கட்டிக்காகக் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். காபித் தோட்டத்தில் மேடு பள்ளம் ஏறி இறங்கித்தான் வேலை. எனக்கும் எலும்பு மெலியுமா?
– வாசகி, ஏற்காடு

ப: மெலியும், வேகமாகவே. இயற்கையில் சில வருடங்களில் மெல்லக் குறைய வேண்டிய ஈஸ்ட்ரோஜன் உங்களுக்கு அறுவை சிகிச்சையோடு நின்றுவிட்டது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டு நோயோ வந்ததில்லை என்றால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்வது உங்கள் எலும்புக்கு நல்லது. கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மகப்பேறு மருத்துவரிடம் இதைத் தள்ளிப்போடாமல் பேசுங்கள்.

மேடேறும் வேலை இடுப்பு எலும்புக்கு நல்லதுதான். ஆனால் ஹார்மோன் இழப்பை அது ஈடுகட்டாது. மூட்டைகளைக் குனிந்து தூக்காமல் முட்டியை மடக்கித் தூக்குங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த படிகளில் தேய்ந்த செருப்போடு இறங்காதீர்கள். உயரம் 4 செ.மீ. குறைந்தாலோ, திடீரென நடு முதுகில் வலி எடுத்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுங்கள்.