இணைய வாக்கெடுப்பைத் தலைப்பாக்கலாமா?

இணைய வாக்கெடுப்பு முடிவைத் தலைப்பாக்க நீங்கள் தயங்கியது சரிதான். உங்கள் செய்தித் தளத்தில் நடந்த தேர்தல் வாக்கெடுப்பில் 8,000 பேர் சொடுக்கினார்கள், 71% ஒரே வேட்பாளருக்கு. அதனால் 'அவர் முந்துகிறார்' என்று தலைப்பு வைக்கச் சொல்கிறார் ஆசிரியர். ஆனால் அந்த 8,000 பேர் யார்? யாரோ ஒருவர் சுட்டியை வாட்ஸப் குழுவில் போட்டு 'எல்லாரும் குத்துங்க' என்றால் போதும், ஒரு மணி நேரத்தில் கணக்கு தலைகீழாகும். ஒரே ஆள் மூன்று போனில் குத்தியிருக்கலாம்.

எண்ணிக்கை பெரிசாச்சே என்று ஆசிரியர் வாதிட்டால் 1936 அமெரிக்கத் தேர்தலைச் சொல்லுங்கள். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை நடத்திய கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் அட்டைகள் வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஆனால் எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் பார்த்து அட்டை அனுப்பினால், பொருளாதார மந்தத்தில் அடிபட்ட ஏழை வாக்காளர் எப்படிச் சிக்குவார்? அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். ரெண்டே வருஷத்தில் அந்தப் பத்திரிகை நின்றுபோனது.

எனக்கு இதில் எரிச்சல் தருவது, தோற்கிறவர் என்று முத்திரை குத்தப்பட்டவரின் கொள்கையைப் பற்றி அப்புறம் யாரும் கேள்வியே கேட்பதில்லை என்பதுதான்.

போட்டே ஆகவேண்டும் என்றால் 'எங்கள் வாசகர்களில் சொடுக்கியவர்கள் சொன்னது' என்று தலைப்பிலேயே வையுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்காமல். 'முந்துகிறார்' என்ற சொல் மட்டும் வேண்டாம். ஆசிரியர் மசியவில்லையா? செய்தியில் உங்கள் பெயர் வேண்டாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.