வட்டக்கண்ணி விழுந்தால் காடு போச்சா?

(மரம், செடி, காடு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கம்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் பதில் சொல்லும் பகுதி.)

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் அப்பா வைத்திருந்த ஏலத்தோட்டம் 17 வருஷமாகக் கவனிப்பில்லாமல் கிடக்கிறது. முழுக்க வட்டக்கண்ணி வளர்ந்து காடாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். இரண்டு மழைக்காலமாக அந்த மரங்கள் காய்ந்து ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன், "இது காடாகாது, வெட்டிவிட்டுக் காப்பி வையுங்கள்" என்கிறார். கீழே பெயர் தெரியாத கன்றுகள் சில இருக்கின்றன, படம் அனுப்பியிருக்கிறேன். காடு செத்துக்கொண்டிருக்கிறதா?

பதில்: செத்துக்கொண்டிருப்பது வட்டக்கண்ணி. காடு இல்லை. அதைச் சொல்வது நீங்கள் கடைசியில் போனால் போகிறது என்று எழுதிய அந்தக் கன்றுகள்தான்.

வட்டக்கண்ணியை உங்களுக்குத் தெரியும். இலைக்காம்பு ஓரத்தில் இல்லாமல் இலையின் நடுவுக்குப் பக்கத்தில் செருகியிருக்கும்; முன்பெல்லாம் கேரளத்தில் மீன் பொதிந்து கொடுத்த இலை. களையெடுப்பும் கவாத்தும் நின்ற தோட்டத்தில் எங்கே வெயில் மண்ணைத் தொடுகிறதோ அங்கே முதலில் எழும்புகிற மரம் அது. விதை சிறியது, பறவைகள் கொண்டுவந்து போட்டுவிடும். பஸ் ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு இடம் பிடிக்கிறவர்களைப் போல முதலில் வந்து உட்கார்ந்துவிடும். முதலில் இறங்குவதும் அதுதான். கட்டை மென்மையானது, வளர்ச்சி வேகம், ஆயுள் குறைவு. பெரும்பாலான முன்னோடி மரங்கள் 10 முதல் 30 வருஷத்தில் ஆட்டத்தை முடித்துக்கொள்ளும். உங்கள் 17 வருஷம் அந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். தோட்டத்துக்குள் நடந்து, நிழலான இடத்தில் ஒரு வட்டக்கண்ணிக் கன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அநேகமாக இருக்காது. தன் நிழலிலேயே தன் குஞ்சு பிழைக்காத மரம் அது. பெரியவை மட்டும் நிற்கின்றன, கன்றே இல்லை என்றால் அந்த இனம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. கன்றுகள் மட்டும் இருக்கின்றன, தாய்மரத்தையே காணோம் என்றால் அந்த இனம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. முதிர்ந்த காட்டில் நிழல் தாங்கும் மரங்களுக்கு இரண்டும் இருக்கும்: கன்று ஏராளம், நடுத்தரம் கொஞ்சம், பெரியது சில.

இப்போது உங்கள் படங்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளியும் செம்பும் கலந்து பூசினாற்போல் மின்னுகிறதே, அது வெடிப்பலா. இன்னொன்றில் இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கின்றன; கிள்ளினால் பால் வந்தால் அது பாலி மரம். இந்த இரண்டும் நாங்கு மரமும் சேர்ந்ததுதான் நம் தென்மலைகளில் 700 முதல் 1,400 மீட்டர் வரை உள்ள மழைக்காட்டின் அடையாளம். உங்கள் வட்டக்கண்ணிகளுக்குக் கீழே ஒரு காடு காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சேட்டனிடம் காப்பிக் கன்றை வேறு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மரம் எண்ணிக்கை குறைந்தாலும் காடு வளர்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். அது எப்படி? யார் எண்ணிப் பார்த்தார்கள்? (கல்லூரி மாணவி, போடி)

பதில்: நல்ல சந்தேகம் அம்மா. தைரியமாக இப்படிக் கேட்கிற பிள்ளைகள் என் வகுப்பில் குறைவு.

வெட்டவெளியில் முதல் சில வருஷம் தண்டுகள் நெருக்கியடித்து முளைக்கும். மேலே எட்டிய மரம் கிளை விரித்ததும் கீழே மாட்டிக்கொண்ட மெலிந்தவை வெளிச்சமில்லாமல் சாகும். நூறு சின்ன மரம் போய் முப்பது பெரிய மரம் நின்றால் எண்ணிக்கை குறைவு, கட்டையின் மொத்த எடை அதிகம். அதனால் ஒரே ஒரு முறை போய் எண்ணிவிட்டு வந்தால் ஒன்றும் புரியாது. அதே மரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவில், கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் திரும்ப வளர்ந்த காடுகளைச் சூழலியல் ஆய்வாளர் ராபின் சாஸ்டனின் குழு 1997 முதல் வருஷாவருஷம் அளந்தது. மேலே நிற்பவை வெயில் விரும்பும் சில இனங்கள், கீழே கன்றுகளில் பழைய காட்டின் இனங்கள் பல. ஒரே இடத்தில் இரண்டு தலைமுறை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், முதிர்ந்த காட்டில் 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குச்சி வரை இலக்கமிட்டு, 1980களிலிருந்து ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள்! நம் பக்கம் என்றால் குடகில் உப்பங்களா காடு. 1990 வாக்கில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொடங்கிய கணக்கெடுப்பு.

நீயும் செய்யலாம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டு. 30 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் பெயிண்ட் கோடு, ஒரு தகர இலக்கம். அடுத்த வருஷம் அதே கோட்டில் டேப் வைக்க வேண்டும். நாலு விரல் மேலே வைத்தாலும் மரம் இளைத்துவிட்டதாக நோட்டு சொல்லும். செத்தது, புதிதாக 30-ஐத் தாண்டியது, இரண்டையும் தனித்தனியே குறி. கன்றுகளை உள்ளே ஒரு சின்னக் கட்டத்தில் எண்ணினால் போதும், இல்லையென்றால் முதுகு போய்விடும்.

கேள்வி: சும்மா விட்டால் எத்தனை வருஷத்தில் பெரியாறு காடு மாதிரி ஆகும்? (குமுளி வாசகர்)

பதில்: எதைக் காடு என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க, ஆப்பிரிக்க வெப்பமண்டலங்களில் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, மண் 10 வருஷத்துக்குள் தேறிவிடுகிறது. காட்டின் அடுக்கமைப்பும் இனங்களின் எண்ணிக்கையும் 25 முதல் 60 வருஷம். ஆனால் மரங்களின் மொத்த எடையும், இன்ன இன்ன இனம் என்கிற சேர்க்கையும் 120 வருஷத்துக்கு மேல் கேட்கின்றன.

கடைசிக் கணக்குக்குக் காரணம் விதை. வெடிப்பலா, கருங்குங்கிலியம் மாதிரி மரங்களுக்குக் கனத்த விதை. காற்றில் வராது. இருவாச்சிப் பறவையோ, மரநாயோ, வேறு ஏதாவது விலங்கோ கொண்டுவர வேண்டும். அதற்குப் பக்கத்தில் தாய்க்காடு இருக்க வேண்டும், இருவாச்சி உட்கார ஒரு உயர்ந்த மரமாவது நடுவில் நிற்க வேண்டும். அதனால் பழைய தோட்டங்களில் தனியாக நிற்கும் பெரிய குளமாவையும் சந்தன வேம்பையும் வெட்டாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். மாடும் தீயும் நுழைந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது.

கேள்வி: எங்கள் எல்லையில் மஞ்சக்கொன்னை மண்டுகிறது. வெட்டினால் போகுமா? (கூடலூர், நீலகிரி)

பதில்: போகாது. வெளிநாட்டிலிருந்து வந்து மண்டுகிற மரம் அது; வெட்டிய கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். சின்னதை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள்; பெரியதற்கு வனத்துறையைக் கேளுங்கள்.

கேள்வி: விழுந்த வட்டக்கண்ணியை விறகுக்கு எடுக்கலாமா? (முதல் கேள்வி கேட்டவரே)

பதில்: அடுப்பில் நிற்காது, வைக்கோல் போல எரிந்துபோகும். வேண்டுமென்றால் விழுந்த இடத்திலேயே துண்டு துண்டாக வெட்டித் தலையில் தூக்கி வாருங்கள். முழு மரத்தையும் இழுத்து வந்தால் வழியெல்லாம் வெடிப்பலாக் கன்று முறியும்.