தீபாவளி பரபரப்பில் மூச்சைக் கவனிக்க: கேள்வி பதில்

கேள்வி: முறுக்கு, அதிரசம், விருந்தாளிகள் என்று ஒரு வாரமாக அடுப்படியே கதி. யோகாவுக்குப் பாய் விரிக்கக்கூட நேரமில்லை. என்ன செய்யலாம், மேடம்?

பதில்: பாயே வேண்டாம். எண்ணெய் காயக் காத்திருக்கிறீர்களே, அந்த இரண்டு நிமிஷம் போதும். பெரும்பாலும் அப்போது ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை மேடையில் சாய்த்துத்தான் நிற்போம். பாதங்களை இடுப்பகலத்துக்கு வையுங்கள். முட்டியை இறுக்காதீர்கள். மூக்கு வழியாக 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள். ஐந்து சுற்று ஒரு நிமிஷத்துக்குள் முடியும். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு மெதுவாகிறது. அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். கண்ணை மட்டும் மூடாதீர்கள், பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி.

தலை சுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். தோள் மேலே ஏறுவது அதற்கு அடையாளம். ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வரும் கிறுகிறுப்பு அது. எண்ணுவதை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், சரியாகிவிடும். முறுக்கு பிழியும்போதும் பாருங்கள்: அச்சை அழுத்துகையில் பலரும் மூச்சைப் பிடித்து, தோளைக் காதுவரை தூக்குகிறார்கள். அழுத்தும்போது மூச்சை விட்டுப் பழகுங்கள், கழுத்து அவ்வளவாக இறுகாது.

கேள்வி: அமைதியான கணத்தைக் கவனி என்கிறார்கள். எதைக் கவனிப்பது என்றே தெரியவில்லை.

பதில்: மனசுக்குள் தேடாதீர்கள், உடம்பில் தேடுங்கள். கங்கா ஸ்நானத்தன்று மணையில் உட்காரவைத்து, காய்ச்சின நல்லெண்ணெயை உச்சியில் வைப்பார்களே, அதுதான் ஆரம்பிக்க நல்ல இடம். எண்ணெயின் சூடு காதோரம் இறங்குவதைப் பின்தொடருங்கள். விரல்கள் நெற்றிப்பொட்டுக்கு வரும்போது கடித்திருந்த பல் தானாக விலகும். நீளமாக ஒரு மூச்சு வெளியேறும். நீங்கள் செய்யாமலே வந்த அந்த மூச்சைத்தான் கவனிக்கச் சொல்கிறார்கள். அதை நீட்ட முயலாமல், அடுத்த மூன்று மூச்சுவரை கூடவே இருங்கள். ஒருமுறை அடையாளம் பிடிபட்டால், கோலம் போட்டு நிமிரும்போதும், சூடான காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதும் அது வருவது தெரியும்.

கேள்வி: எண்ணும்போதே யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். பாதியில் விட்டால் பலன் உண்டா?

பதில்: உண்டு. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

கேள்வி: திருமூலர் சொன்ன 16, 64, 32 கணக்கில் செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டவே வேண்டாம். 16 மாத்திரை (கால அளவு) மூச்சை இழுக்கும் பூரகம், 64 அதை உள்ளே அடக்கும் கும்பகம், 32 வெளியே விடும் ரேசகம் என்பது குருவின் பக்கத்தில் பல காலம் பழகியவர்களுக்கு. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கக் கூடாது. அந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இழுத்ததுபோல் இரு மடங்கு விடுவது. 3 எண்ணி இழுத்து 6 எண்ணி விடலாம். அடுத்த மூச்சுக்குத் தவிப்பு வந்தால் 5 போதும்.

கேள்வி: மதிய விருந்து முடிந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கலாமா?

பதில்: கூடாது, நெஞ்செரிச்சல் வரும். சாப்பிட்டதும் வஜ்ராசனத்தில், அதாவது முட்டியை மடித்துக் குதிகால் மேல், 5 நிமிஷம் உட்காரலாம். முட்டி வலித்தால் நாற்காலியே நல்லது. சுவரில் கால் வைப்பது மூன்று, நான்கு மணி நேரம் கழித்து. நின்று நின்று வீங்கின காலுக்கு அது இதம். பிட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் தொடையின் பின்பக்கம் இழுக்காது. எழும்போது பக்கவாட்டில் திரும்பி, சற்றுப் பொறுத்து எழுங்கள். கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் இது வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு ஆஸ்துமா. வெடிப் புகை நேரத்தில் பிராணாயாமம் உதவுமா?

பதில்: புகையில் ஆழமாக மூச்சு இழுப்பது கெடுதல். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அப்போதும், புகை அடங்கும்வரையிலும் ஜன்னலைச் சாத்தி மகனை உள்ளே வைத்திருங்கள். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதற்கு மாற்றாக எந்த யோகாவும் இல்லை. பையன் பயந்தால், உள்ளங்காலைத் தரையில் பதித்துக் குளிர்ச்சி எங்கே தெரிகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: உறவினர்கள் 'எப்போ கல்யாணம்?' என்று கேட்டதும் கோபம் தலைக்கேறுகிறது.

பதில்: அந்த நொடியில் தாடை இறுகி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். நாக்கைக் கீழே இறக்குங்கள், ஒரு மூச்சை முழுசாக விட்ட பிறகு வாயைத் திறங்கள். கோபத்தை விழுங்கச் சொல்லவில்லை. 'அதைப் பத்தி இப்ப பேச வேண்டாம் அத்தை' என்று சொல்வதாக இருந்தாலும், குரல் நடுங்காமல் வரும்.